கணைய நொதிக் குறைபாடு: கேப்சூல் எப்போது, எத்தனை, எந்தச் சாப்பாட்டுக்கு?

மருந்தாளுநர்_காரைக்குடி

கணையம் போதிய நொதி (சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் என்சைம்) சுரக்காதவர்களுக்கு எழுதித்தரும் பேங்க்ரியாட்டின் என்ற நொதிக் கேப்சூலைப் பற்றி ஒரே இடத்தில் பேசிவைக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கும் முறை இதுதான்: 10,000 யூனிட் கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று, "சாப்பாட்டுக்குப் பின்". சாப்பிட்டு, கையலம்பி, வெற்றிலையும் போட்டு முடித்த பிறகு அதை விழுங்குகிறார்கள். கூடவே எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் ஆள் இன்னும் இளைத்துப்போவார். "மாத்திரை கேட்கவில்லை" என்று அதையும் நிறுத்திவிடுவார்கள்.

மருந்தில் குறை இல்லை. நேரமும் அளவும்தான் தப்பாக இருக்கிறது. இந்தக் கேப்சூல் சோற்றோடு கலந்து போகவேண்டிய சரக்கு. சாப்பாடு வயிற்றிலிருந்து சிறுகுடலுக்கு இறங்கும்போது நொதியும் கூடவே இறங்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் போனால் சாப்பாடு ஒரு பக்கம், நொதி ஒரு பக்கம்.

மருத்துவர்கள், உணவியலாளர்கள், ஆய்வகத்தார் தெரிந்ததை எழுதுங்கள். பொதுவான அறிவுரையாக இல்லாமல் யூனிட், கிராம், நேரம் என்று கணக்காக எழுதினால் நல்லது.

குடல்மருத்துவர்_மதுரை

நல்ல இழை. அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணையம் மூன்று வகை நொதி சுரக்கிறது. கொழுப்புக்கு லிப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின் முதலானவை, மாவுச்சத்துக்கு அமிலேஸ். மாவுச்சத்துக்கு உமிழ்நீர் கைகொடுக்கும். புரதத்துக்கு இரைப்பையும் குடல்சுவரும் ஓரளவு ஈடுகட்டும். கொழுப்புக்கு அப்படிப் பெரிய மாற்று வழி கிடையாது. அதனால் முதலில் அடிபடுவது கொழுப்புதான். மாயோ கிளினிக்கில் டிமாக்னோ குழு 1973-ல் வெளியிட்ட ஆய்வில், லிப்பேஸ் சுரப்பு இயல்பில் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே மலத்தில் கொழுப்பு வெளியேறுவது தெரிந்தது. மலத்தில் எண்ணெய் மிதப்பதைப் பார்க்கும்போது கணையம் ஏற்கெனவே பெரும்பகுதி போயிருக்கிறது என்று பொருள்.

அடையாளங்கள்: வெளுத்த, பருமனான, பிசுபிசுப்பான மலம், தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையில் ஒட்டிக்கொள்ளும், மேலே எண்ணெய்த் திவலை, கடுமையான நாற்றம், வயிற்று உப்புசம், காற்று, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவு. மலம் மிதப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். காற்று அதிகமிருந்தாலும் மிதக்கும். இன்னொன்று, கொழுப்பைத் தானாகவே ஒதுக்கிச் சாப்பிடுபவருக்கு எண்ணெய் மலமே இருக்காது, ஆனால் எடையும் சத்தும் குறைந்துகொண்டிருக்கும். நம் ஊரில் இந்த இரண்டாவது வகைதான் தப்பிப்போகிறது.

காரணங்களில் முதலிடம் நாள்பட்ட கணைய அழற்சி. மதுவும் புகையும் பெரிய காரணங்கள். கணையத்தை வெட்டி எடுத்த அறுவை, கடுமையான கணைய அழற்சியில் திசு அழுகிப்போனது, கணையப் புற்று, குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடம்பின் சுரப்புகள் கெட்டியாகிவிடும் பரம்பரை நோய்) ஆகியவை அடுத்து வரும். இரைப்பை அறுவை செய்தவர்களுக்கும் வரலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை, கூடவே காரணமில்லாத எடைக்குறைவு, அல்லது கண் மஞ்சள் என்றால் கேப்சூல் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் சி.டி. ஸ்கேன்.

கோட்டையூர்_வாசகர்

குடிக்காத, புகைக்காத இளவயசுப் பிள்ளைகளுக்கும் கணையத்தில் கல் என்று சொல்றாங்களே டாக்டர், அது எப்படி? மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டா வரும்னும் சொல்றாங்க.

குடல்மருத்துவர்_மதுரை

அது தென்னிந்தியாவுக்கு நன்கு அறிமுகமான நோய். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். இந்தோனேசியாவில் சூடெமா 1959-ல் கணையக் கல்லும் சர்க்கரையும் சேர்ந்து வந்தவர்களைப் பற்றி எழுதினார். அதன் பிறகு கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். கணையக் குழாயில் பெரிய பெரிய கல், சிறுவயதிலேயே வயிற்றுவலி, சில வருடங்கள் கழித்துச் சர்க்கரை. பலருக்குச் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் இருபக்கமும் கல் தெரியும்.

மரவள்ளிதான் காரணம் என்ற கருத்து ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் பலரிடம் இருப்பது தெரிந்திருக்கிறது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களின் வயிற்றுவலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

கல்லை எண்டோஸ்கோப்பியிலோ, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்தோ, அறுவை செய்தோ எடுப்பது பெரும்பாலும் வலிக்காக. அதற்குப் பிறகு நொதி பழையபடி சுரக்கும் என்று எண்ணி கேப்சூலை நிறுத்தக்கூடாது.

ஆய்வகம்_தேவகோட்டை

பரிசோதனைப் பக்கம் நான் எழுதுகிறேன். மல எலாஸ்டேஸ்-1, அதாவது கணையம் சுரக்கும் ஒரு நொதி மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது, அது ஒன்றே போதும் பெரும்பாலும். ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இயல்பு. 100-க்குக் கீழே என்றால் நொதிக் குறைபாட்டுக்கு வலுவான சான்று. 100 முதல் 200 வரை இரண்டுங்கெட்டான். அறிகுறி, ஸ்கேன் எல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

தப்பு நடக்கிற இடம் சாம்பிள். பேதி போல நீர்த்துப்போன மலத்தைக் கொடுத்தால் எலாஸ்டேஸ் கரைந்து, கணையம் நன்றாக இருப்பவருக்கும் 200-க்குக் கீழே காட்டும். கெட்டியாகவோ களிபோலவோ இருக்கும் நாளில் எடுங்கள். தரைக் கழிப்பறையில் தண்ணீர் படாமல் பிடிக்க, சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டு அதிலிருந்து டப்பாவில் உள்ள கரண்டியால் எடுத்தால் போதும். சிறுநீரும் கலக்கக்கூடாது. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டி வந்தாலும் பயமில்லை, எலாஸ்டேஸ் சீக்கிரம் கெடாது.

கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பரிசோதனையைக் கொடுக்கலாம். இப்போதுள்ள பெரும்பாலான கிட்டுகள் மனித எலாஸ்டேஸை மட்டும் அளக்கும். பன்றிக் கணையத்திலிருந்து வரும் மருந்தை அது கணக்கில் சேர்க்காது. அதே காரணத்தால், கேப்சூல் வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கொரு தடவை எலாஸ்டேஸ் எடுப்பது வீண்செலவு. எண் மாறாது.

மருந்து போதுமா என்று ஆய்வகத்தில்தான் பார்க்கவேண்டுமென்றால் மூன்று நாள் மலக்கொழுப்பு இருக்கிறது. தினம் 100 கிராம் கொழுப்பு சாப்பிட்டு, 72 மணி நேர மலம் முழுவதையும் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 7 கிராமுக்கு மேல் கொழுப்பு வெளியேறினால் அதிகம். ரொம்பச் சிரமமான சோதனை. சிக்கலான நேரத்தில்தான் கேட்பார்கள்.

மருந்தாளுநர்_காரைக்குடி

நன்றி அண்ணே. இப்போது அளவு.

பெரியவர்களுக்கு ஆரம்ப அளவு: முழுச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 40,000 யூனிட் லிப்பேஸ், பலகாரத்துக்கு அதில் பாதி. நம் கடைகளில் 10,000, 25,000 யூனிட் கேப்சூல்கள் பரவலாகக் கிடைக்கும். 25,000 எடுத்தால் சாப்பாட்டுக்கு இரண்டு, பலகாரத்துக்கு ஒன்று. மூன்று வேளையும் இரண்டு பலகாரமும் என்றால் நாளைக்கு 8, மாதத்துக்கு 240. வாங்கும்போதே இந்தக் கணக்கில் வாங்குங்கள். பாதி மாதத்தில் தீர்ந்து, "மிச்சப்படுத்தி" ஒன்றொன்றாகப் போடுவதில்தான் எல்லாம் கெடுகிறது. 10,000 கேப்சூல் தினம் மூன்று போடுபவருக்குக் கிடைப்பது 30,000. தேவை 1,60,000 இருக்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அட்டையில் பேங்க்ரியாட்டின் 150 மி.கி., 300 மி.கி. என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பரவலான தயாரிப்புகளில் 150 மி.கி. என்றால் 10,000, 300 மி.கி. என்றால் 25,000 லிப்பேஸ் யூனிட். ஆனாலும் யூனிட்டைப் படித்தே வாங்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். "ஜீரணத்துக்கு" என்று கடையில் கேட்டால் கொடுக்கும் சிரப்பும் மாத்திரையும் இதற்கு மாற்று ஆகாது. அவற்றில் இருப்பது பெரும்பாலும் பூஞ்சை டயாஸ்டேஸ், பெப்சின், பப்பாளிப் பப்பெய்ன். மாவுக்கும் புரதத்துக்கும் ஏதோ செய்யும். லிப்பேஸ் இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும். விலை குறைவு என்று கடைக்காரரே மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

உணவியல்_பள்ளத்தூர்

40,000 என்பது எங்கிருந்து வந்தது என்று புரிந்தால் அளவை ஏற்றத் தயங்க மாட்டார்கள். ஆரோக்கியமான கணையம் ஒரு சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் யூனிட் லிப்பேஸ் விடும் என்று கணக்கு. டாக்டர் சொன்ன 10 சதவீத எல்லையைத் தாண்ட 90,000 வேண்டும். நோயாளியின் சொந்தச் சுரப்பில் மிச்சம் கொஞ்சம், இரைப்பையின் லிப்பேஸ் கொஞ்சம் சேரும். ஆக 40,000 என்பது தொடங்குமிடம். பலருக்கு 75,000-80,000 தேவைப்படும்.

மேல் எல்லையும் உண்டு: ஒரு வேளைக்கு கிலோ எடைக்கு 2,500 யூனிட், நாளைக்கு கிலோவுக்கு 10,000. ஐம்பது கிலோ ஆளுக்கு வேளைக்கு 1,25,000, அதாவது 25,000 கேப்சூல் ஐந்து. நாளைக்கு 5 லட்சம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளுக்கு மிக அதிக அளவு கொடுத்தபோது பெருங்குடல் தடித்துச் சுருங்கியது கண்டறியப்பட்ட பிறகு வைத்த எல்லை இது. குழந்தைகளுக்கு அளவை மருத்துவர்தான் ஏற்ற வேண்டும்.

இனி நம் இலைக்கு வருவோம். கேப்சூல் தட்டில் இருக்கும் கொழுப்புக்குத்தான். வீட்டில் மனப்பாடமாக இருக்க வேண்டியவை: ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது நெய் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 14, முட்டை ஒன்று 5, துருவிய தேங்காய் 30 கிராம் என்றால் 10, வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், 14-15, சமன்படுத்திய பால் 200 மி.லி. 6 கிராம். இட்லி, இடியாப்பம், வெறும் சோறு, ரசம் ஆகியவற்றில் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கொழுப்பு இல்லை. ஆனால் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றியதும் கதை மாறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு: கோழிக்குழம்பில் ஆளுக்கு வரும் நல்லெண்ணெய் 2 டீஸ்பூன் (10), கறி 100 கிராம் (7), அரைத்துவிட்ட தேங்காய் (5), அப்பளமும் பொரியலும் (5), நெய் ஒரு டீஸ்பூன் (5), தயிர் 100 கிராம் (4). மொத்தம் 36 கிராம். 50,000 யூனிட் போட்டால் கிராமுக்கு சுமார் 1,400 யூனிட் விழுகிறது. கிராமுக்கு 500 முதல் 4,000 வரை என்பது ஏற்கப்பட்ட வரம்பு. பெரும்பாலோருக்கு 1,000-2,000-க்குள் சரியாகிவிடும்.

கானாடுகாத்தான்_சமையல்

பள்ளத்தூர் ஆச்சி, குழம்புக்குக் கணக்குச் சரி. எண்ணெய்ப் பலகாரத்துக்கு எப்படி? வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், மணகோலம் எல்லாம் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டு மாவும் ஒவ்வொரு மாதிரி. உளுந்து கூடினால் ஒரு மாதிரி, எண்ணெய் காயாமல் போட்டால் இன்னொரு மாதிரி.

நானே ஒரு வழி சொல்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வாணலியில் ஊற்றும் எண்ணெயை அளந்து ஊற்றணும். சுட்டு முடித்து ஆறியதும் மிச்சத்தை அளக்கணும். 500 மி.லி. ஊற்றி 390 மிச்சம் என்றால் 110 மி.லி. போயிருக்கிறது. இருபது பணியாரம் சுட்டிருந்தால் ஒன்றுக்கு ஐந்தரை மி.லி. காகிதத்தில் வடியவிட்டால் அதில் கொஞ்சம் குறையும்.

உணவியல்_பள்ளத்தூர்

இதைவிட நல்ல வழி இல்லை ஆச்சி. மி.லி.யை 0.92-ஆல் பெருக்கினால் கிராம். உங்கள் கணக்கில் பணியாரம் ஒன்றுக்கு 5 கிராம். நான்கு சாப்பிட்டால் 20, தொட்டுக்கொள்ளும் சட்னியில் தேங்காயோ கடலையோ இருந்தால் இன்னும் 5-7. காலைப் பலகாரம்தானே என்று ஒரு கேப்சூலோடு விட்டால் போதாது. அதற்கும் முழுச் சாப்பாட்டு அளவு. கும்மாயம், உக்காரை போன்றவற்றில் கிண்டும்போது சேர்த்த நெய் முழுக்க உள்ளேயே இருக்கிறது, மொத்த நெய்யைக் கிண்ணங்களால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பந்தியில் 60 கிராம் எளிதாகத் தாண்டும். அங்கே மூன்று கேப்சூல் 25,000 வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய் உள்ளே போனதும் ஒன்று, குழம்புச் சோற்றின் நடுவில் ஒன்று, பாயசமும் தயிரும் வரும்போது ஒன்று. பந்தி அரைமணி நேரம் ஓடும். எல்லாவற்றையும் முதலிலேயே விழுங்கினால் பின்னால் வருவதற்கு நொதி மிஞ்சாது. வீட்டுச் சாப்பாட்டிலும் இரண்டு கேப்சூல் என்றால் முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று.

பாலூற்றிய காபிக்கு? ஒரு டம்ளரில் 100 மி.லி. பால் இருந்தால் 3-4 கிராம் கொழுப்பு. 10,000 யூனிட் ஒன்று போதும். கடுங்காபி, இளநீர், பழம், வெண்ணெய் எடுத்த மோர் ஆகியவற்றுக்குத் தேவையில்லை.

கோட்டையூர்_வாசகர்

அப்ப எண்ணெய் சேர்க்கலாமா? எல்லாரும் கூடாதுன்னுதானே சொல்றாங்க.

குடல்மருத்துவர்_மதுரை

சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடச் சொல்வது பழைய முறை. அப்போது போதுமான வீரியத்தில் கேப்சூல் இல்லை. இப்போது உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல், இயல்பான கொழுப்போடு சாப்பிட வைத்து அதற்கேற்ப நொதியை ஏற்றுவது. ஏற்கெனவே இளைத்தவருக்குக் கொழுப்பை நிறுத்துவது கலோரியையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் சேர்த்து நிறுத்துவது. ஒரே நேரத்தில் மலைபோல் சாப்பிடாமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்தால் எளிதாக இருக்கும். ரத்தக் கொழுப்பு மிக அதிகமாகி அதனால் கணைய அழற்சி வந்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு.

குறைக்க வேண்டியது ஒன்று இருக்கிறதென்றால் மிதமிஞ்சிய நார்ச்சத்து. தவிடு, இசப்கோல், மூன்று வேளையும் சிறுதானியம் என்று போனால் நார் நொதியின் வேலையைத் தடுக்கும். கவுனி அரிசி இனிப்பு ஒரு கிண்ணம் சாப்பிடுவதில் ஒரு கெடுதியும் இல்லை. மதுவும் பீடி சிகரெட்டும் முழுக்க நிறுத்தப்பட வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

செவிலியர்_புதுவயல்

தேங்காயெண்ணெய் லிப்பேஸ் இல்லாமலே ஜீரணமாகும் என்று பரவிக்கொண்டிருக்கிறது. நம்பி, கேப்சூலை விட்டுவிட்டு அதைக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இதைத் தெளிவாக்குங்கள்.

உணவியல்_பள்ளத்தூர்

எம்.சி.டி. எண்ணெய் என்று தனியாக விற்பது வேறு. அதில் எட்டும் பத்தும் கார்பன் கொண்ட கொழுப்பமிலங்கள் மட்டும். அவை பெருமளவு லிப்பேஸ் உதவியின்றி நேரே கல்லீரலுக்குப் போகும். தேங்காயெண்ணெயில் அந்த வகை சுமார் 15 சதவீதத்துக்குள்தான். பாதியளவு லாரிக் அமிலம், அது பெரும்பகுதி மற்றக் கொழுப்பு போலவேதான் நடக்கும். ஆகவே தேங்காயெண்ணெய்ச் சமையலுக்கும் கேப்சூல் வேண்டும்.

எம்.சி.டி. எண்ணெயும் எல்லோருக்கும் தேவையில்லை. நொதியைச் சரியாக ஏற்றியும் எடை கூடாதவருக்குத்தான். ஒரு டீஸ்பூனில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். எடுத்தவுடன் அதிகம் ஊற்றினால் வயிற்றுப்போக்கு. பொரிக்க உதவாது, சீக்கிரம் புகையும். சோற்றில், கஞ்சியில் கலந்துகொள்ளலாம்.

செவிலியர்_புதுவயல்

வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. கேப்சூலை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் சின்ன மணிகளுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அது இரைப்பை அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில், அமிலம் தணிந்து பி.எச். ஐந்தரையைத் தாண்டும் இடத்தில் கரையும். பொடித்தால் அமிலமே நொதியை அழித்துவிடும், வாயில் தங்கினால் நாக்கும் ஈறும் புண்ணாகும். விழுங்க முடியாதவருக்குக் கேப்சூலைத் திறந்து மணிகளை ஒரு கரண்டி ஆறிய ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கவைத்து, தண்ணீர் கொடுங்கள். பாலில், பாயசத்தில், சூடான ரசஞ்சோற்றில் கலக்கக்கூடாது. பாலில் பூச்சு முன்னாலேயே கரையும், சூட்டில் நொதி செத்துவிடும். பொய்ப்பல் வைத்திருப்பவருக்குப் பல்லின் அடியில் மணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

விழுங்கும்போது தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். அளவு ஏற்றிய பிறகு மலச்சிக்கல் வருபவர்களில் பலர் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள். மறந்துபோய் சாப்பிட்டு முடித்த கையோடு நினைவு வந்தால் அப்போதே கொடுக்கலாம். வெகுநேரமாகிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளையில் இரட்டிப்பாக்க வேண்டாம்.

மருந்தகம்_இளையான்குடி

இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்து, பிறகு தெரியவந்து, மனம் நொந்து நிறுத்திவிட்டால் நோயாளிக்குத்தான் இழப்பு. இதே வீரியத்தில் நிரூபணமான தாவர மாற்று இல்லை. பூஞ்சை லிப்பேஸ் அமிலத்தைத் தாங்கும், ஆனால் பித்த உப்பும் குடலின் புரத நொதிகளும் அதை உடைத்துவிடும். மாற்று இல்லாத இடத்தில் மருந்தாக எடுக்க அனுமதி உண்டு என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சைவ வீடுகளிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் ஒளிவுமறைவு வேண்டாம்.

நோன்பு நாளில் சாப்பாடு இல்லாத நேரத்துக்குக் கேப்சூல் தேவையில்லை. சஹருக்கும் இஃப்தாருக்கும் அந்தந்தச் சாப்பாட்டு அளவு. நோன்புக் கஞ்சியில் கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்திருந்தால் பேரீச்சம்பழத்தோடு போடாமல் கஞ்சியின் முதல் வாயோடு போடுங்கள். சர்க்கரையும் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கோட்டையூர்_வாசகர்

சர்க்கரை சேர்ந்திருக்கிறவங்களுக்கு இது எப்படிப் போகும்? கேப்சூல் ஆரம்பிச்சதும் சுகர் ஏறிடுச்சுன்னு நிறுத்தச் சொல்றாங்க சில பேர்.

குடல்மருத்துவர்_மதுரை

நிறுத்தக்கூடாது. இதுவரை ஜீரணமாகாமல் போய்க்கொண்டிருந்த சாப்பாடு இப்போது உடம்பில் சேர்கிறது, அதனால் ஏறுகிறது. இன்சுலினைத்தான் மாற்ற வேண்டும். கேப்சூல் தொடங்கும் வாரங்களிலும் அளவு ஏற்றும் வாரங்களிலும் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள்.

எதிர்ப்பக்கம் இதைவிட ஆபத்தானது. கணையத்தால் வந்த சர்க்கரையில் இன்சுலின் மட்டுமல்லாமல், சர்க்கரை தாழ்ந்தால் மீட்டெடுக்கும் குளுக்ககானும் குறைந்திருக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிட்டு, கேப்சூலை மறந்தால் சாப்பாடு சரியாகச் சேராமல் தாழ்சர்க்கரை வந்துவிடலாம், தானாக மேலே வரவும் நேரமாகும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு வரும் வயிற்றுப்போக்கை நொதி போதவில்லை என்று எண்ணி அளவை ஏற்றிக்கொண்டே போவதும் நடக்கிறது, அதையும் கவனியுங்கள்.

செவிலியர்_புதுவயல்

டாக்டர், எல்லாம் சரியாகப் போட்டும் எண்ணெய் மலம் நிற்கவில்லை என்றால் எந்த வரிசையில் தேட வேண்டும்?

குடல்மருத்துவர்_மதுரை

முதலில் கேப்சூல் டப்பாவை எண்ணுங்கள். எழுதிக்கொடுத்த அளவுக்கும் தீர்ந்திருக்கும் எண்ணிக்கைக்கும் பொருந்துகிறதா? பலருடைய சிக்கல் இங்கேயே முடிந்துவிடும். அடுத்து நேரம், பிறகு விட்டுப்போன பலகாரமும் பால்காபியும். பின் காலாவதித் தேதி, வைத்திருந்த இடம்.

எல்லாம் சரியென்றால் அளவை ஏற்றுவோம், வேளைக்கு 25,000 கூட்டி ஒன்றிரண்டு வாரம் பார்ப்போம். அதற்கும் மசியவில்லை என்றால் அமிலம். கணையம் நொதியோடு பைகார்பனேட்டும் சுரக்கும். அதுவும் குறைந்துபோனதால் சிறுகுடலின் தொடக்கம் அமிலமாகவே இருக்கும், மணிகளின் பூச்சு வேண்டிய இடத்தில் கரையாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, காலைப் பலகாரத்துக்கு அரைமணி முன்னால், சேர்த்துப் பார்ப்போம். பூச்சில்லாத நொதி மாத்திரை வாங்கியிருந்தால் இது கட்டாயம். எல்லோருக்கும் எடுத்தவுடன் சேர்க்க வேண்டியதில்லை.

அதுவும் போதாவிட்டால் வேறு நோய். சிறுகுடலில் கிருமி பெருகியிருப்பது நாள்பட்ட கணைய அழற்சியில் சகஜம். உப்புசம்தான் முன்னிற்கும், அதற்குத் தனி ஆன்டிபயாட்டிக் உண்டு. ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி), பால் ஒவ்வாமை, சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல்நோய்), பித்தநீர்த் தடை ஆகியவற்றைத் தேட வேண்டும். வேளைக்கு வேளை அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட இங்கே நின்று யோசிப்பதுதான் நோயாளிக்கு நல்லது.

உணவியல்_பள்ளத்தூர்

மலம் சரியாகிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை அதே தராசில் எடை, மேற்கைச் சுற்றளவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது வைட்டமின் ஏ, டி, ஈ, பி12, ரத்தம் உறையும் நேரம், மக்னீசியம், துத்தநாகம், மூன்று மாதச் சர்க்கரை. எலும்பு அடர்த்தி ஸ்கேன் தொடக்கத்தில் ஒன்று, பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒன்று. மாலைக்கண், ஈறில் ரத்தம், சின்ன இடிக்கே கன்றிப்போவது, எலும்புவலி எதுவும் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கொழுப்பில் கரையும் வைட்டமின் மாத்திரையைக் கேப்சூலோடு, சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் பயன் கிட்டாது. 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை ரத்தத்தில் பார்க்காமல் மாதக்கணக்கில் தொடராதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தான்_சமையல்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். வழியில் அன்னதானத்தில் என்ன எண்ணெய், எவ்வளவு என்று தெரியாது. டப்பாவும் வெயிலில் கிடக்கும்.

மருந்தாளுநர்_காரைக்குடி

சொல்கிறேன் ஆச்சி. மருந்து 25 டிகிரிக்குக் கீழே, ஈரம் படாமல் இருக்க வேண்டும் என்று அட்டையிலேயே இருக்கும். வீட்டில் வெயில் விழாத உள்கட்டு அலமாரி நல்லது. அடுப்பங்கரையும் வண்டி சீட்டின் அடியும் கூடாது. டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாதீர்கள். நடைப்பயணத்துக்கு முழு டப்பாவையும் எடுக்காமல், மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் இரண்டு மூன்று நாளைக்கு உள்ளதைத் துணிப்பையின் நடுவில், வேட்டி துண்டுக்குள் வைத்துக்கொண்டால் சூடு நேரடியாகப் படாது. மீதியைச் சாமான் வண்டியில் நிழலில் வையுங்கள்.

அன்னதானத்தில் அளவு தெரியாதபோது கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். சாம்பார் சாதம், ரசம், மோர் என்றால் வழக்கமான இரண்டு. பொங்கலில் நெய் மினுங்கினாலோ, வடை வைத்தாலோ மூன்று. காலையில் வெறும் சுக்குக்காபி என்றால் ஒன்றும் வேண்டாம். போகும் நாட்களுக்கு வேண்டியதைவிட இருபது கேப்சூல் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் உள்ள சின்ன ஊர்க் கடைகளில் இது இருப்பு இருக்காது. சீட்டின் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும்.